பதினோராவது சுற்றில் ஜரிகை

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு இன்று சாயங்காலம் போயிருந்தேன். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காகச் சான்றிதழ்களை நகல் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் வந்தவர் ஒரு முழுப் புத்தகத்தையே கொடுத்திருந்தார். மெஷின் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏசிக்காகக் கதவைச் சாத்தியிருந்ததால் அந்த வாடை உள்ளேயே சுற்றி வந்தது. மூக்கின் நுனியில் லேசாகக் குத்துகிற, கொஞ்சம் இரும்பு கலந்தது போன்ற வாடை. "இன்னா மேடம், வெளிய போய் நின்னுகினீங்க?" என்று கடைக்காரர் கேட்டபோதுதான் நான் வாசலுக்கு வந்துவிட்டதே எனக்குத் தெரிந்தது.

அது உன் ஷெட்டின் வாடை. பெரிய வோல்டேஜ் ஏறிய கம்பியின் முனையில், காற்றுக்குள் நீலமாக மின்சாரம் கசியும்போது வருவது. நம் தொழிலில் அந்தக் கசிவுக்கு கரோனா என்று பெயர். ஊரெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டுப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில், "எங்க ஊட்ல கரோனா வந்துகீது, வந்து பாருடி" என்று நீ போனில் சொல்லிச் சிரித்தாய்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை உன்னைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் உன்னைப் புகழ வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். எனக்கு அது என்றைக்குமே வந்ததில்லை. மற்றவர்கள் உன்னைப் புகழும்போது பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். உள்ளே எரியும். அது உனக்குத் தெரியாது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் வகுப்பில் பெண்கள் நாம் இரண்டே பேர். நான் தேசூரிலிருந்து வந்தவள், நீ கலசப்பாக்கத்திலிருந்து. ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே இஸ்திரிப் பெட்டி. மூன்று வருடமும் முதல் மார்க் நான்தான் வாங்கினேன். கடைசி வருடம், எரிந்துபோன ஒரு மோட்டாரை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, செம்புக் கம்பியைச் சுற்றி மறுபடியும் காயில் கட்டச் சொன்னார்கள். நான் நோட்டைத் திறந்து எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று கணக்குப் போட்டேன். நீ கருகிப்போன பழைய காயிலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கட்ட ஆரம்பித்தாய். என் கணக்கு முடிவதற்குள் உன் மோட்டார் சுற்றியது. துறைத் தலைவர் வந்து பார்த்தார். உன் கையை வகுப்புக்குத் தூக்கிக் காட்டச் சொன்னார். "இந்தக் கை உங்க யாருக்கும் வராது" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து ஆரம்பித்தது என்று சொன்னால் பொய். அதற்கு முன்பே உன் தலைமுடி, உன் கணீர்க் குரல், ஆண் பிள்ளைகள் உன்னிடம் மட்டும் சாதாரணமாகப் பேசியது என்று எவ்வளவோ இருந்தன. ஆனால் அன்றைக்கு அதற்கு ஒரு இடம் கிடைத்தது. உன் கைமேல் அது போய் உட்கார்ந்துகொண்டது.

படிப்பு முடிந்ததும் எனக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டிரான்ஸ்பார்மர் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. டெஸ்டிங் பிரிவு. இடி விழுந்தால் டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்று பார்க்க, நாங்களே ஒரு சின்ன இடியை உண்டாக்கி அதன்மேல் அடிப்போம். இருபது வருடத்துக்கு மேல் அதுதான் என் வேலை. தாலுகா ஆபீசில் வேலை செய்கிறவரைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தேன். நீயும் இங்கேதான் வாக்கப்பட்டாய். உன் வீட்டுக்காரர் ரைஸ் மில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கல்யாணமான இரண்டாம் மாதமே நீ கடையில் உட்கார்ந்துவிட்டாய். மில் முதலாளிகள் வந்து அவரிடம் எதையாவது கேட்டால், "எனுக்கு இன்னாங்க தெரியும், அவுங்கள கேளுங்க" என்று உன் பக்கம் கையைக் காட்டுவார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இருக்காது. பெருமையாக இருக்கும். என் வீட்டில் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் ஏறிப் போய் நான் என்ன செய்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

ஊரடங்கில் மில்கள் நின்றன. மோட்டார் ஓடினால்தானே எரியும்? உன் கடைக்கு வேலை இல்லை. நீ போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் எனக்கு ஒன்றை அனுப்பினாய். வெளிநாட்டில் ஒரு ஆள், கார் நிறுத்தும் இடத்தில், காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு ஸ்டீல் உருண்டைக்குள் கம்பிக் கூண்டு ஒன்றை வைத்து அதற்குப் பெரிய வோல்டேஜ் கொடுக்கிறான். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு சின்ன சூரியன் மாதிரி எரிகிறது. சரியான வாயுவை உள்ளே விட்டால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்ளும். சூரியனுக்குள் நடப்பதுபோல, ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவில். அதை வைத்து ஒரு பல்பைக்கூட எரிக்க முடியாது. செய்து பார்த்தோம் என்கிற சந்தோஷத்துக்காக உலகத்தில் பல பேர் வீட்டிலேயே செய்கிறார்கள்.

"ஒரு டிரான்ஸ்பார்மரு, ஒரு பம்ப்பு, ஒரு ஸ்டீல் டப்பா. இதுல நமுக்குத் தெரியாதது இன்னாடி கீது?" என்றாய்.

நமக்கு என்றாய். அந்த வார்த்தைக்காகவே நான் வந்தேன்.

மூடிப்போன ஒரு எக்ஸ்ரே சென்டரிலிருந்து டிரான்ஸ்பார்மர் கிடைத்தது. பம்ப்பை ஏசி மெக்கானிக் ஒருவர் கொடுத்தார். பால் பண்ணைக்குச் சாமான் செய்கிறவர் ஸ்டீல் பாத்திரத்தை உருட்டி ஒட்டிக் கொடுத்தார். கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் செங்கல்லால் இடுப்புக்கு மேல் ஒரு சுவர் கட்டி, கதிர் தாண்டி வராமல் இருக்க அதன்மேல் ஈயத் தகடு அடித்து, மெஷினை அந்தப் பக்கமும் நம்மை இந்தப் பக்கமும் வைத்தாய். மூன்றாவது மாதம் உள்ளே ஊதா எரிந்தது. உன் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்துவிட்டு, "அழகா கீது" என்று சொல்லிப் போனார்.

அதோடு நீ விட்டிருந்தால் நமக்குள் ஒன்றும் நடந்திருக்காது. வெறும் வெளிச்சம் உனக்குப் போதவில்லை. அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மரால் தொடர்ந்து பெரிய வோல்டேஜ் கொடுக்க முடியாது, கூண்டும் சூடாகிச் சிவந்து தொங்கிவிடும். அதனால் மின்சாரத்தைக் கெபாசிட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து, கண் இமைப்பதற்குள் ஒரே அடியாக அடித்து, நிறுத்தி, மறுபடி சேர்த்து மறுபடி அடிப்பது என்று முடிவு செய்தாய். துடிப்பு துடிப்பாக ஓட்டுவது. அங்கேதான் பேஜார் ஆரம்பித்தது.

ஸ்டீல் பாத்திரத்துக்குள் போகும் கம்பி அதன் சுவரைத் தொடவே கூடாது. தொடாமலே தாண்டிக் குதித்துவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் காப்பு வேண்டும். நிதானமாக ஏறும் வோல்டேஜை வருடக்கணக்கில் தாங்குகிற காப்பு, அடி அடியாக வரும் வோல்டேஜில் சில நூறு அடிகளுக்குள் செத்துவிடும். காப்புக்குள் கடுகில் பாதி அளவு ஒரு காற்றுக் குமிழி இருந்தால் போதும். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் குமிழிக்குள் ஒரு பொறி பறக்கும், சுவரைக் கொஞ்சம் அரிக்கும். கடைசியில் ஒருநாள் ஓட்டை விழும். இது எனக்கு மனப்பாடம். என் சம்பளமே அதற்குத்தான்.

அதனால் முதல் மூன்று மாதம் நான்தான் ராணி. பிளாஸ்டிக் குழாய் போட்டாய், மேல்பரப்பில் மரக்கிளை மாதிரி கருப்புக் கோடு ஓடியது. ஏன் என்று நான் சொன்னேன். எபாக்ஸி ஊற்றினாய், உள்ளே குமிழி இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னேன், அப்படியே வெடித்தது. எங்கள் தொழிற்சாலையில் செய்வதுபோல ஆயிலில் ஊறிய காகிதத்தைச் சுற்றச் சொன்னேன். அறுபதாவது அடியில் அதுவும் போனது. நீ ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. காப்பு ஒவ்வொன்றும் சாக வேண்டும் என்றுகூட மனசுக்குள் இருந்ததோ என்னவோ.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பட்ட சுத்திப் பாக்கலாமா?" என்றாய். உன் ஷெட்டுக்குப் பின்வீட்டில் பட்டு வேட்டி நெய்கிறார்கள். அந்த வீட்டு அம்மா கழிவுத் துண்டுகளை உனக்குத் தந்திருந்தார். நான் சிரித்தேன். அந்தக் காலத்தில் கம்பிக்குப் பட்டு சுற்றினார்கள்தான், அதற்காக இந்தக் காலத்தில் யாராவது சுற்றுவார்களா என்றேன். நீ துண்டுகளைச் சோப்புப் போட்டு வேகவைத்து அலசினாய். மோட்டார்களுக்கு வார்னிஷ் காய வைக்கும் மின் அடுப்பில் ஒரு பகல் முழுக்க வைத்துச் சொட்டு ஈரமில்லாமல் காய வைத்தாய். கம்பிமேல் நாடா நாடாவாகச் சுற்றினாய். அதை ஆயில் நிரம்பிய கண்ணாடிக் குவளைக்குள் இறக்கி, மெஷினின் பம்ப்பையே குவளைமேல் வைத்துக் காற்றை இழுத்தாய். ஆயில் நுரைத்துக் கொதித்தது. பட்டுக்குள் ஒளிந்திருந்த குமிழியெல்லாம் மேலே வந்தது. நுரை அடங்கும்வரை விடவில்லை. பிறகு கம்பியை அந்த ஆயில் குவளையோடேயே மெஷினில் மாட்டினாய்.

ஐந்நூறு அடி. ஒன்றும் ஆகவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன். குமிழிதான் எதிரி என்று உனக்குச் சொன்னதே நான். அதை வெளியே இழுக்க வேண்டிய பம்ப் மூன்று மாதமாக என் கண் முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தோன்றவில்லை, உனக்குத் தோன்றிவிட்டது.

நீ அதைப் படம் எடுத்து, இந்த மெஷின் செய்கிறவர்கள் கூடும் இணையதளத்தில் போட்டாய். அங்கே உன் பெயர் ஆரணி காயில். உன் ஆங்கிலம் நம் இரண்டு பேருக்குமே தெரிந்த ஆங்கிலம். ஆனாலும் பதில் மேல் பதிலாக வந்தது. எந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். மோட்டார் காயில் கடை என்று எழுதினாய். அதற்கு இன்னும் அதிகமாகப் பாராட்டினார்கள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு பதிலையும் படித்தேன். ஆற்காடு தாண்டுவதற்குள் எனக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

நானும் அங்கே ஒரு கணக்குத் தொடங்கினேன். உனக்குச் சொல்லவில்லை. துடிப்பு வோல்டேஜில் காப்பு ஏன் தோற்கிறது என்று படம் வரைந்து மூன்று பக்கத்துக்கு விளக்கி எழுதினேன். ஒரு வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எட்டாவது நாள் ஒரு பதில் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள், இதில் சந்தேகம் இருந்தால் ஆரணி காயிலைக் கேளுங்கள், அவருக்கு நன்றாகத் தெரியும் என்று.

அந்த மாதத்தில்தான் அவர்கள் உன்னை நேரலையில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். முன்பைவிட ஒன்றரை மடங்கு வோல்டேஜ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பத்துப் பதினைந்து நாடுகளிலிருந்து பார்ப்பார்கள். முதல்நாள் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டாய். "நீ வந்து பக்கத்துல குந்து. நான் சுத்தறேன், நீ பாத்துகினே இரு. உன் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது" என்றாய்.

வந்தேன். மத்தியான வெயில் ஷெட்டின் தகரச் சந்து வழியாக உன் மடியில் விழுந்துகொண்டிருந்தது. வேட்டித் துண்டுகளின் ஜரிகைக் கரையை நீ முன்பே கத்தரித்து எடுத்திருந்தாய். நாடாக்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. நீ சுற்றினாய். நான் எண்ணினேன். உன் விரல்கள் துணியை இழுத்து, நீவி, ஒரு சுருக்கம் இல்லாமல் படிய வைத்தன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் அலுக்காது. எனக்கும் அலுக்கவில்லை. அதுவும் சேர்ந்துதான் எரிந்தது.

பதினோராவது சுற்றில் ஒரு மின்னல். நாடாவின் ஓரத்தில் ஒரே ஒரு ஜரிகை இழை. அரை விரல் நீளம் இருக்கும். கரையைக் கத்தரிக்கும்போது ஒன்று தப்பி உள்ளே வந்திருக்கிறது. பட்டு இழைமேல் வெள்ளி சுற்றிய கம்பி அது. காப்புக்கு நடுவில் ஒரு கம்பி. நீ அந்த நேரம் ஆயில் சூட்டைப் பார்க்கத் தலையைத் திருப்பியிருந்தாய். உன் கை மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது சுற்று அதை மூடியது.

வாயைத் திறந்தேன். "பன்னெண்டு" என்றேன்.

பிறகு பதின்மூன்று, பதினான்கு. இருபதில் நிறுத்தினாய். "சரியா கீதா?" என்று கேட்டாய். சரியா இருக்கு என்றேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மத்தியானம்வரை நேரம் இருந்தது. போன் கையிலேயே இருந்தது. நடுவே ஒரு தடவை நீயே கூப்பிட்டு, நாளைக்கு எந்தப் புடவை கட்டட்டும் என்று கேட்டாய். பச்சை என்றேன். அப்போதும் சொல்லவில்லை. ஆளுக்கு எதுவும் ஆகிவிடும் என்று நான் நினைக்கவில்லை, அது சத்தியம். காப்பு ஓட்டையாகும், மெஷின் நிற்கும், பதினைந்து நாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள், நீ திருதிருவென்று விழிப்பாய். அந்த ஒரு விழிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு மத்தியானம் நாற்பது அடிவரை நன்றாகத்தான் போனது. உன் போனை ஸ்டாண்டில் வைத்திருந்தோம். படம் மங்கலாகத் தெரிகிறது என்று ஒருவர் எழுதியதும், நீ போனை எடுத்துக்கொண்டு சுவரின் ஓரத்துக்குப் போய்க் கையை மட்டும் நீட்டிப் பிடித்தாய். வேண்டாம் என்று நான் கத்தியது அடுத்த அடியின் சத்தத்தில் அமுங்கிவிட்டது. குவளை வெடித்தது. எரிகிற ஆயில் உன் வலது கையில், முழங்கை முதல் விரல்வரை. உன் வீட்டுக்காரர் ஓடிவந்து மெயினை அணைத்தார். நான் சாக்கை நனைத்துக்கொண்டு வந்து உன் கையில் சுற்றினேன். நீ கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "எர்த் கொம்ப போடு, எர்த் கொம்ப போடு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாய். மிச்ச மின்சாரத்தை மண்ணுக்கு இறக்குகிற கொம்பு அது; கெபாசிட்டரில் மிச்சம் இருப்பது என்னைத் தாக்கிவிடுமோ என்று உனக்குப் பயம்.

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம். தோல் ஒட்டினார்கள். புண் ஆறியது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன, நிமிரவில்லை. மெல்லிய கம்பியில் காயில் கட்டுவது அதோடு போயிற்று. அதன் பிறகு நீ நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவாய், உன் வீட்டுக்காரர் கட்டுவார். அவருக்கு உன் வேகம் வரவில்லை. சில மில்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். இருபது வருடமாக நான் பொறாமைப்பட்ட கை இப்போது இல்லை. எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நீ நினைத்தால், இல்லை. ஒருநாள்கூட இல்லை.

வீட்டுக்கு வந்த வாரமே, கட்டோடு உட்கார்ந்து, கருகிப்போன காப்பை இடது கையால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்திருக்கிறாய். எனக்குப் போன் செய்தாய். "காரணம் கெடச்சிட்ச்சுடி. ஜரிக. ஒரு இழ" என்றாய். நான், "அப்படியா" என்றேன். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தாய்.

அதையும் அந்தத் தளத்தில் எழுதினாய். கருகிய துணி, அதன்மேல் உருகி மணி மணியாக நின்ற வெள்ளி, கட்டுப் போட்ட கை என்று எல்லாப் படங்களையும் போட்டு, என் கவனக்குறைவு, நீங்கள் செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தாய். உன் வெற்றியைப் படித்தவர்களைவிட அதைப் படித்தவர்கள் அதிகம். இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதியதில்லை என்று எழுதினார்கள். பஸ்ஸில் அதைப் படித்தபோது என்ன தோன்றியது தெரியுமா? எவ்வளவு கேவலம் என்றாலும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நான் கெடுத்ததில்கூட உனக்குத்தான் பெயர் வருகிறதே என்று தோன்றியது.

இரண்டு வருடம் கழித்து உனக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். வேலூருக்குக் கூட்டிப் போனபோது கணையத்தில் கட்டி என்றார்கள். மெஷினின் கதிரால் வந்திருக்குமா என்று நீயே டாக்டரைக் கேட்டாய். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். "அப்ப மெஷினு மேல பழி இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னாய். அந்த மெஷினில் ஒரு தடவைகூட உண்மையான அணுச் சேர்க்கை நடக்கவில்லை. அதற்கு வேண்டிய வாயு கடைசிவரை நமக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நீ வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நீ கண்ணை மூடியிருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து உன் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மடங்கிய இரண்டு விரலையும் நீவினேன்.

"அன்னிக்கி ஜரிகைய நீ பாத்த இல்ல?" என்றாய். கண்ணைத் திறக்கவில்லை.

பொய் சொல்ல நேரம் இருந்தது. உன் கை என் மடியில் இருந்தது. "பாத்தேன்" என்றேன்.

"நெனச்சேன். போன்ல ஜரிகன்னு சொன்னப்ப எங்க இருந்துச்சுன்னு நீ கேக்கல. எவ்ளோ சின்ன விஷயத்துக்கும் நூறு கேள்வி கேக்கறவ, நீ கேக்கவே இல்ல."

அத்தனை நாளும் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் மகளின் பிறந்தநாளுக்கு வந்தாய், என் கூடக் கடைவீதிக்கு நடந்தாய், என் தட்டில் உன் அப்பளத்தைப் போட்டாய். நான் அழுதேன். மன்னிச்சிடு என்றேனா என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. நீ தண்ணீர் கேட்டாய். ஸ்பூனால் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "இனிமே சொல்லிடு" என்றாய். அவ்வளவுதான்.

மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்லவில்லை. அதைப் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொல்லாததே சரி.

காரியம் முடிந்த மறுவாரம் உன் வீட்டுக்காரர் வந்தார். உன் போனை நீட்டினார். "தெனம் யாராவது எதனா கேட்டுகினே கீறாங்க. எனுக்குப் புரியல. நீங்க பதில் சொன்னா அவுளுக்கு நல்லா இருக்குங்க" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நீ அவரிடம் சொல்லவில்லை. அதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்தான், நீ இருக்கும்போதே நானாக அவரிடம் சொல்லியிருக்க மாட்டேனா என்று. சொல்லியிருக்க மாட்டேன்.

முதல் வேலையாக, நீ இறந்துவிட்டாய், இனி உன் தோழி பதில் எழுதுவாள் என்று போட்டேன். பிறகு உன் ஜரிகைப் பதிவுக்கு அடியில் ஒரு வரி சேர்த்தேன். காப்பு சுற்றும்போது பக்கத்தில் இருந்தவள் ஜரிகையைப் பார்த்தாள், பார்த்தும் சொல்லவில்லை, அந்தத் தவறு என்னுடையது என்று. ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டார். பொறாமை என்று எழுதினேன். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலையே உன் வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். அதிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை. உன் போனை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

தினம் பஸ்ஸில் உட்கார்ந்து உன் கணக்கிலிருந்தே பதில் எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பழைய அறிவிப்புகளைப் படிப்பதில்லை. நேற்று ஒரு ஆள், தான் சுற்றிய காப்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். எல்லாரும் அருமை என்று எழுதியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு இடைவெளி, காற்று நிற்கிற இடம். ஓட்டாதே, பிரித்துச் சுற்று, கை வைக்கும் முன் எர்த் போடு என்று எழுதினேன். அவன் பிரித்துப் பார்த்துவிட்டு இன்று காலையில் பதில் போட்டிருக்கிறான். ஆரணி காயில், உங்கள் கண் யாருக்கும் வராது என்று.

கண் என்னுடையது. நன்றி உனக்குப் போனது. இந்த வயதிலும், நீ இல்லாதபோதும், அது சுருக்கென்று தைத்தது. கீழே அவன் இன்னொரு படமும் அனுப்பியிருந்தான். இந்தத் தடவை சரியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தான். பஸ் ஆற்காட்டைத் தாண்டும்வரை அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு இடத்தில் சந்தேகம் இருந்தது. சொல்லிவிட்டேன்.